படப்பிடிப்புப் பயணமும் பொதி கட்டுதலும்

படப்பிடிப்பைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஒளியைப் பற்றி எழுதுவர். வில்லையைப் பற்றி எழுதுவர். காட்சியைச் சட்டத்துள் அமைக்கும் முறை பற்றி விரித்துரைப்பர். பயணத்துக்கு முதல்நாள் இரவு பாயின்மீது பரப்பி வைத்த கருவிகளுள் எதனை எடுப்பது, எதனை விடுவது என்னும் வினாவை அவர்கள் பொருட்படுத்துவது அரிது. ஆயினும் மறுநாள் எடுக்கப்படும் படங்களுட் பாதி அப்பாயின்மீதே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. எடுத்துச் சென்ற வில்லை எதனைக் காட்டுமோ அதனையே நாம் காண்கிறோம். எடுத்துச் சென்ற சுமை எவ்வளவு தூரம் நடக்க விடுமோ அவ்வளவு தூரமே நடக்கிறோம். மாணவர் படப்பிடிப்புக் கழகத்தினர் இதுபற்றி அடிக்கடி வினவுகின்றனர். பழைய மாணவருள்ளும் ஓய்வுபெற்ற பின்னர் கமராவைக் கையில் எடுத்தோர் பலராகிவிட்டனர். ஆதலின் இம்மலரில் அதனையே பொருளாகக் கொண்டோம்.

முன்னோர் சுமந்த சுமையைச் சிறிது நோக்குவோம். 1851 இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்பார் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையே அடுத்த முப்பதாண்டுக் காலம் உலகெங்கும் வழங்கியது. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் கமராவிலிட்டுப் படம் பிடித்து, உடனேயே இருட்டில் வைத்துக் கழுவவும் வேண்டும். சில நிமிடம் தாமதித்தாலும் தகடு உலர்ந்து பயனற்றுப் போகும். எனவே படம் பிடிக்கச் செல்வோன் கமராவை மட்டுமன்றித் தன் இருட்டறையையும் உடன் கொண்டு செல்ல வேண்டியவனானான். 1855 இல் கிரிமியப் போர்க்களத்துக்குச் சென்ற ரோஜர் பென்டன், மதுபான வணிகர் ஒருவரிடம் வாங்கிய வண்டியை இருட்டறையாக மாற்றி, 5 கமராக்களும் 700 கண்ணாடித் தகடுகளும் அடங்கிய 36 பெட்டிகளுடன் கப்பலேறினார். அந்த வண்டிக்குள் வெயில் காலத்தில் நின்று வேலை செய்வது அடுப்புக்குள் நிற்பதை ஒத்தது. சாமுவேல் போர்ண் என்பவர் 1863 இல் சிம்லாவிலிருந்து இமயமலைக்குப் புறப்பட்டபோது முப்பது கூலியாட்கள் அவர் பொதியைச் சுமந்தனர். 1866 இல் 18,000 அடிக்கு மேற்பட்ட மணிரங் கணவாயில் அவர் படம் பிடித்தார். அவ்வுயரத்துக்கு அமிலப் புட்டிகளும் கண்ணாடியும் நீரும் மனிதர் முதுகில் ஏறின என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்தது. 1870, 1871 ஆம் ஆண்டுகளில் ஜோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர், அரசு அமைத்த தொல்பொருட் குழுவின் பொருட்டு அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா முதலிய இடங்களின் இடிபாடுகளைப் படம் பிடித்தார். காடு மண்டிய அவ்விடங்களில், நம் வெப்பத்தில், விரைவில் உலரும் அப்பசையைக் கையாண்டமை வியப்புக்குரியது. இவர்களெல்லாம் பெருஞ்சுமை சுமந்தோர்தாம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அச்சுமையை அவர்கள் விரும்பிச் சுமக்கவில்லை. தொழில் முறை அதனை அவர்கள்மீது ஏற்றியது. நாம் இன்று சுமப்பது பெரும்பாலும் நம் ஆசை ஏற்றிய சுமை.

பொதி கட்டுதல் பற்றிய பாடங்களுட் சிறந்த பாடம் தென்துருவக் கடலில் நிகழ்ந்தது என்பது நம் கருத்து. அவுஸ்திரேலியரான பிராங் ஹேர்லி, சேர் ஏர்ணஸ்ட் ஷக்கிள்டனின் குழுவிற் படப்பிடிப்பாளராக 1914 இல் சென்றார். அவர்களுடைய எண்டூரன்ஸ் என்னும் கப்பல் 1915 சனவரியில் வெடல் கடற் பனியிற் சிக்கியது. பல மாதங்கள் பனி அதனை நெருக்கிற்று. ஒக்ரோபர் 27 ஆம் நாள் கப்பலைக் கைவிட்டு 28 பேரும் பனிப்பரப்பில் இறங்கினர். ஹேர்லி எடுத்த கண்ணாடித் தகடுகளோ நீர் புகுந்த கப்பலுக்குள் இருந்தன. சில நாள்களின் பின் அவர் கப்பலுக்குட் புகுந்து, இடுப்பு வரை உடையைக் களைந்து, நான்கடி ஆழமான பனிக்கூழுக்குள் மூழ்கித் தகட்டுப் பெட்டிகளை மேலே கொணர்ந்தார். தகடுகள் பழுதுறவில்லை. ஏன்? அவற்றைப் பொதிந்து வைத்தபோதே உலோகத் தகட்டாலான உட்பெட்டியுள் இட்டு, விளிம்புகளைப் பற்றாசு வைத்து அடைத்திருந்தார்கள். மூழ்கியெடுத்த துணிவை யாவரும் போற்றுவர். நாம் அப்பெட்டியைப் பற்றாசு வைத்து மூடிய பொழுதையும் சேர்த்துப் போற்றுவோம். அன்று சோம்பியிருந்தால் மூழ்கியும் பயனில்லை.

இனி வந்தது அதனினும் கடிய சோதனை. சிறு படகுகளில் தப்ப வேண்டிய நிலையில் ஒவ்வொருவரும் தமக்கென்று எடுத்துச் செல்லக் கூடியது இரண்டு இறாத்தல் நிறை மட்டுமே. கண்ணாடியோ கனமானது. நவம்பர் மாதத்தில் ஹேர்லியும் ஷக்கிள்டனும் பனிமீது அமர்ந்து தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினர். ஏறத்தாழ 120 தகடுகளை வைத்துக்கொண்டனர். விலக்கிய தகடு ஒவ்வொன்றையும் அவ்விடத்திலேயே உடைத்தெறிந்தனர். சற்றொப்ப 400 தகடுகள் இவ்வாறு உடைந்தன. உடைத்தமைக்குக் காரணம் உண்டு: பின்னர் மனம் மாறித் திரும்பி வந்து எடுக்க இயலாதிருத்தல் வேண்டும் என்பதே. கனமான கமராக்களும் கைவிடப்பட்டன. ஹேர்லி தம்முடன் கொண்டு சென்ற கமரா சட்டைப் பையில் அடங்கும் சிறிய கொடக் ஒன்று; படச்சுருள் மூன்று. யானைத் தீவில் அவர் தோழர்கள் கவிழ்த்த படகின் கீழ்க் குடியிருந்ததையும், மீட்புக் கப்பலை நோக்கி நின்றதையும் இன்று நாம் காண்பது அந்தச் சிறு கமராவினால். 1916 ஓகஸ்ட் 30 இல் அவர்கள் மீட்கப்பட்டனர். எண்டூரன்ஸ் 2022 மார்ச்சில் 3,008 மீற்றர் ஆழத்திற் கண்டுபிடிக்கப்பட்டபோது, கடலடியில் நின்ற அதன் தோற்றத்தை உலகம் எதனோடு ஒப்பிட்டு நோக்கிற்று? உடைபடாது தப்பிய ஹேர்லியின் படங்களோடுதான்.

இவ்விடத்தில் ஒன்று கூறாது அப்பாற் செல்ல மனம் ஒப்பவில்லை. எதனை எடுப்பது, எதனை விடுவது என்னும் பாடத்தை நம்மவர் புத்தகத்திற் படிக்க வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஓரிரவில் வெளியேறியோர் சைக்கிளிற் கட்டிய பொதிகளில், காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளும் அடங்கிய பையோடு, படங்களும் இருந்தன. சுவரில் தொங்கிய தந்தையாரின் படத்தைச் சட்டமும் கண்ணாடியும் நீக்கி, உள்ளிருந்த தாளை மட்டும் எடுத்துச் சென்றோர் உளர். அதுவும் ஹேர்லி செய்த வேலையே. சட்டம் விலையுயர்ந்தது, தாள் விலையற்றது. எது எடுக்கத் தக்கது என்பதை அவர்கள் நொடியில் அறிந்தனர். பயணத்துக்குப் பொதி கட்டும் மாணவனுக்கு இத்தகைய இடுக்கண் ஒன்றும் இல்லை. ஓர் இரவு முழுவதும் அவனுக்கு அவகாசம் உண்டு. ஆயினும் அவனே அதிகம் தடுமாறுகிறான்.

அவன் தடுமாற்றத்துக்குக் காரணம், கருவியிலிருந்து தொடங்கிப் படத்தை நோக்கி நினைத்தல். "இந்த வில்லை இருக்கிறதே, தேவைப்பட்டால்?" என்பது அவன் வினா. அந்த வினாவுக்கு முடிவே இல்லை. தேவைப்படாத கருவி என்று உலகில் எதுவும் கிடையாது. படத்திலிருந்து தொடங்கிக் கருவியை நோக்கி வருதலே முறை. நாளை எந்தப் படத்துக்காகப் போகிறோம்? அந்தப் படத்துக்கு இன்றியமையாதது எது? அதனை முதலில் எடுத்து வைத்து, எஞ்சியவற்றுள் ஒவ்வொன்றும் தன் இடத்துக்குத் தானே வாதாட வேண்டும் என்று விட்டுவிடுதல் நன்று. கணக்கையும் பாருங்கள். கமரா உடல் ஏறத்தாழ 700 கிராம்; நல்ல இடைவீச்சு வில்லை 800 கிராம்; பெரிய தொலைவீச்சு வில்லை ஒன்று ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது; முக்காலி ஒன்றரை முதல் இரண்டு கிலோ; பை தானே ஒரு கிலோவுக்கு மேல். மின்கலமும் தண்ணீரும் சோற்றுப் பொதியும் சேரும்போது ஏழெட்டுக் கிலோ ஆகிவிடும். காலை எட்டு மணிக்கு அது பாரமன்று. பிற்பகல் மூன்று மணிக்கு, நல்ல ஒளி இறங்கத் தொடங்கும் வேளையில், "அந்தப் பக்கம் போவானேன், இங்கிருந்தே எடுப்போம்" என்று சொல்ல வைப்பது அதுவே.

எடுத்துக்காட்டாக நம் மாணவர் பத்துப் பேர் ஒரு நாட் பயணமாக நெடுந்தீவு செல்வதாகக் கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறை சேர்ந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் செல்ல வேண்டும். அங்கே எடுக்கத் தக்கவை எவை? வெளியில் திரியும் குதிரைகள், பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஒல்லாந்தர் காலக் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பருத்த அடிமரத்தையுடைய பெருக்கமரம், இவற்றுக்கெல்லாம் மேலாக, அத்தீவின் மக்கள். குதிரைகள் நம்மை அணுக விடா. ஆதலின் 300 மில்லிமீற்றர் அளவுக்கு நீளும் தொலைவீச்சு வில்லை வேண்டும். கோட்டைக்கும் பெருக்கமரத்துக்கும் 24 மில்லிமீற்றர் அளவிலான அகலப் பார்வை வேண்டும். மக்களின் முகத்துக்கு 50 முதல் 85 மில்லிமீற்றர் போதும். ஆக, 24 முதல் 105 வரை நீளும் வில்லை ஒன்றும், 70 முதல் 300 வரை நீளும் இலகுவான வில்லை ஒன்றும் எல்லாவற்றையும் முடித்துவிடும். மூன்றாவது வில்லைக்கு இப்பயணத்தில் இடமில்லை. ஒரே வில்லையுள்ள மாணவன் வருந்த வேண்டியதுமில்லை. அவன் குதிரையை விட்டுப் பவள வேலியைப் பார்ப்பான். பத்துப் பேரும் குதிரையை எடுத்துக்கொண்டு திரும்பும் கண்காட்சியைக் காட்டிலும், ஒருவன் வேலியை எடுத்து வந்த கண்காட்சி மேலானது.

பத்துப் பேர் செல்லும்போது பத்து முக்காலி செல்லுதல் வேண்டாம். தனிப்பொதி, பொதுப்பொதி என இரண்டாகப் பகுத்தல் வேண்டும். தனிப்பொதியில் ஒவ்வொருவரின் கமராவும் வில்லையும் மின்கலமும் நினைவக அட்டையும் துடைக்கும் துணியும். பொதுப்பொதியில் முக்காலி இரண்டு, காற்றூதும் இறப்பர்க் குமிழ் இரண்டு, மின்னேற்றி, மருந்துப் பெட்டி, ஒரு போத்தல் நன்னீர். நீரை ஏன் கூறினோம் எனில், நெடுந்தீவில் நன்னீர் அருமை. கமராவிற் பட்ட உப்பைத் துடைக்க அங்குள்ளவரின் குடிநீரைக் கேட்பது பண்பன்று. பொதுப்பொதியை முறைவைத்துச் சுமக்க வேண்டும். இதனை எழுதி வைக்காவிடின் எப்போதும் ஒருவனே சுமப்பான். அவன் யார் என்பதை எல்லாப் பழைய மாணவரும் அறிவர்.

கடற்பயணத்தின் பகைவன் உப்பு. சோழகம் வீசும் மாதங்களில் படகின் விளிம்பில் தெறிக்கும் திவலை எல்லோரையும் நனைக்கும். அந்த ஒரு மணி நேரமும் கமரா பையினுள்ளேயே, அதுவும் வாய் மூடக்கூடிய பொலித்தீன் பையினுள் இருத்தல் வேண்டும். படகிலிருந்து படம் எடுக்க விரும்புவோர் கைத்தொலைபேசியால் எடுக்கலாம். வில்லையின் முகத்திற் கண்ணாடி வடிகட்டி ஒன்றைத் திருகி வைத்தல் இத்தகைய பயணங்களில் நன்று. உப்பு பட்டுவிட்டால் உலர்ந்த துணியால் உடனே தேய்த்தல் கூடாது. உலர்ந்த உப்பு மணல் போன்றது, கண்ணாடியைக் கீறும். முதலில் குமிழால் ஊதி, பின் நன்னீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி, அதன் பின்னரே துடைக்க வேண்டும். தீவில் இறங்கிய பின் பவளக் கல்லின் வெண்புழுதி காற்றிற் பறக்கும். வில்லை மாற்றுவதாயின் காற்றுக்கு முதுகு கொடுத்து, கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, பைக்குள்ளேயே மாற்றுதல் வேண்டும். மாற்றாமலிருத்தல் அதனினும் நன்று.

பையைப் பற்றிச் சிறிது. கமரா நிறுவனத்தின் பெயர் பொறித்த பை, உள்ளே இருப்பதன் விலையை ஊருக்கெல்லாம் பறைசாற்றும். பழைய பள்ளிப்பை ஒன்றும், நான்காக மடித்த பழைய சாரம் ஒன்றும் போதுமானவை. சாரம் கருவிகளுக்கு மெத்தை ஆகும். வெயிலில் தலைக்கு முண்டாசு ஆகும். தரையிற் கிடந்து படமெடுக்க விரிப்பும் ஆகும். கனமானவை முதுகை ஒட்டியும், அடிக்கடி வேண்டுபவை மேலேயும் இருத்தல் வேண்டும். இருட்டிலும் கை தானே சென்று எடுக்கும்படி ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் ஒன்றிரண்டு உள்ளே கிடக்கட்டும். சிலர் அதற்குப் பதிலாக அரிசியை இடுவர். அரிசியின் தவிடும் தூளும் கருவிக்குட் புகுவதால் அதனை நாம் ஏற்பதில்லை. அரிசி அடுக்களையில் இருக்கட்டும்.

மின்கலத்துக்கும் நினைவக அட்டைக்கும் விதி எளிது: ஒன்று கமராவில், ஒன்று கையிருப்பில். ஒரு பெரிய அட்டையைக் காட்டிலும் இரண்டு சிறிய அட்டைகள் பாதுகாப்பானவை. ஒன்று கெட்டால் பாதி நாளாவது தப்பும். செறிவு குறைக்காத கோப்பு ஒன்று 30 மெகாபைற்று எனக் கொண்டால், 64 கிகாபைற்று அட்டையில் இரண்டாயிரம் படங்கள் அடங்கும். ஒரு நாளில் இரண்டாயிரம் படம் எடுப்பவன் படம் பிடிக்கவில்லை, வலை வீசுகிறான். புறப்படுமுன் பத்துக் கமராக்களின் நேரத்தையும் ஒன்றாக்கிவிடுங்கள். திரும்பி வந்து படங்களை வரிசைப்படுத்தும் நாளில் இதன் அருமை தெரியும். முதல்நாள் இரவு எல்லாவற்றையும் பொருத்தி ஒரு படம் எடுத்துப் பார்த்த பின்னரே பையை மூடுதல் வேண்டும். மின்னேற்றியிலேயே மறந்துபோன மின்கலமும், கணினியிலேயே தங்கிப்போன அட்டையும் இந்தச் சோதனையில் தாமே வெளிப்பட்டுவிடும்.

இம்மலரை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து படிக்கும் பழைய மாணவர் கமராவுடன் ஊருக்கு வருங்கால் நினைவிற் கொள்ள வேண்டியதும் உண்டு. கையிருப்பு இலிதிய மின்கலங்களை விமானத்தின் அடியிற் செல்லும் பயணப் பெட்டியில் வைக்கலாகாது. கைப்பையிலேயே கொண்டு செல்ல வேண்டும். 100 உவாற்று-மணி வரையுள்ள மின்கலத்துக்குத் தடையில்லை. 100 இலிருந்து 160 வரையுள்ளதற்கு விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். கணக்கிடும் வகையை மாணவர் தம் பௌதிகப் பாடத்திலிருந்தே அறிவர்: உவோற்றளவை அம்பியர்-மணியாற் பெருக்குக. 7.2 உவோற்றும் 2,000 மில்லி அம்பியர்-மணியும் உடைய கமரா மின்கலம் 14.4 உவாற்று-மணி. 3.7 உவோற்றில் 20,000 மில்லி அம்பியர்-மணி உடைய மின்சேமிப்பி 74. இரண்டும் எல்லைக்குள் அடங்கும். ஒவ்வொன்றின் முனைகளையும் மூடியிட்டோ தனித்தனிப் பையிலிட்டோ வைக்க வேண்டும். சாவிக்கொத்தோடு கிடந்து முனைகள் தொடுத்துக்கொண்டால் தீப்பற்றும். இன்னும் படச்சுருளையே விரும்பும் பழையவர்களும் சுருளைக் கைப்பையில் வைத்து, கதிர்ச் சோதனைக்கு உட்படுத்தாது கையாற் சோதிக்குமாறு பணிவோடு கேட்டல் நன்று. மேலும், குளிரூட்டிய விடுதி அறையிலிருந்து கமராவை நேரே யாழ்ப்பாணத்து வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் வில்லை முழுதும் பனிக்கும். மூடிய பையோடு வெளியே வைத்து அரை மணி நேரம் பொறுத்தால் அத்தொல்லை இல்லை. குளிரிலிருந்து ஊருக்கு வந்த மனிதருக்கும் அந்த அரை மணி நேரம் வேண்டியதுதான்.

பொதியில் இன்னொன்றும் இருக்கட்டும். முன்னர் அத்தீவுக்குச் சென்றபோது எடுத்த படங்களின் அச்சுப் பிரதிகள். கடிதவுறை ஒன்றில் அடங்கும், நிறை ஒன்றுமில்லை. படம் பிடிக்கப்பட்ட ஆச்சியொருத்தி அப்படத்தை ஒருநாளும் காணாமற் போவது நம் கலையின் பழைய குறை. "போன முறை எடுத்த உங்கள் படம், ஆச்சி" என்று நீட்டும் மாணவனுக்கு அவ்வீட்டு முற்றத்திற் கிடைக்கும் வரவேற்பை எந்த வில்லையும் பெற்றுத் தராது.

திரும்பிய இரவு களைப்பாகத்தான் இருக்கும். ஆனால் பையை அப்படியே மூலையிற் போட்டுவிட்டுப் படுத்தல் கூடாது. முதலில் அட்டையிலுள்ள படங்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி செய்க. ஒன்று வீட்டிலும் மற்றொன்று வேறொருவர் வீட்டிலும் இருத்தல் மேல். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது மறுபிரதி இல்லாத ஏடுகள் மீளவேயில்லை. இரண்டு பிரதியும் சரியாகத் திறக்கின்றன என்று கண்ட பின்னரே அட்டையை அழிக்கலாம். அதன் பின் பையை முழுதும் வெளியே கொட்டி உதறி, சாரத்தை உப்புப் போக அலசி, முக்காலியின் கால்களை நீட்டி நன்னீரிற் கழுவி நிழலில் உலர விடுக. வில்லைகளைத் தோலுறையில் இட்டு மூடி வைத்தலாகாது; தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வீரத்திற் பூஞ்சணம் கண்ணாடிமீது வேரோடும். காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா மணியோடு வைத்து, மணி நிறம் மாறியதும் இளஞ்சூட்டில் வறுத்து மீண்டும் இடுக. மின்கலங்களை அன்றிரவே மின்னேற்றியில் மாட்டி, பையின் வாயை விடியும்வரை திறந்தபடியே விடுக.